உதைபந்தாட்டப் பருவமும் நம் வாவிக்கரையும்

பவளவிழா என்பது மகிழ்ச்சிக்குரிய காலம் மாத்திரமன்று. கணக்குப் பார்க்கும் காலமுமாகும். நம் கல்லூரி ஈன்றெடுத்த மருத்துவர், பொறியியலாளர், ஆசிரியர், புலவர் ஆகியோரின் பெருமையை இம்மலரின் ஏனைய பக்கங்கள் எடுத்துரைக்கும். அவ்வாறு உரைப்பது தக்கதே. யான் எடுத்துக்கொண்ட பொருள் அத்துணைப் பெருமை வாய்ந்ததன்று. காற்றடைத்த ஒரு தோற்பந்தைப் பற்றியே சில சொல்ல விழைகின்றேன். "விழாமலரிலே பந்தைப்பற்றி எழுதவும் ஒருவர் வேண்டுமோ?" என்று நகைக்கும் அன்பர்கள் இறுதிவரை பொறுத்து வாசிக்குமாறு வேண்டுகிறேன்.

எழுபதுகளில் யான் இக்கல்லூரியில் மாணவனாயிருந்தபோது, மாலை நான்கு மணியளவில் கச்சான் காற்று அடங்கி வாவிப் பக்கமிருந்து குளிர்ச்சி வரத்தொடங்கும் வேளையில் எங்கள் ஆட்டம் ஆரம்பமாகும். மைதானம் என்று பெயரேயன்றி, அது பாதி மணலும் பாதி நெருஞ்சியுமாகக் கிடந்த வெளி. கட்டாக்காலி மாடுகளைத் துரத்திய பின்னரே கம்பு நாட்டி ஆட முடியும். சப்பாத்து அணிந்தவர் எவருமிலர். படுவான்கரையிலிருந்து வந்து விடுதியிலே தங்கிப் படித்த மாணவர் சிலர் எம்மெல்லோரிலும் வேகமாக ஓடினர். வயல் வரம்பிலே ஓடிப் பழகிய கால்களுக்கு மணல் ஒரு பொருட்டாகவில்லை. அக்காலத்தில் எங்களைப் பார்த்த பெரியவர் ஒருவர், "இவன்களிலே ஒருவனாவது நாட்டுக்காக ஆடுவான்" என்று சொல்லிப் போனார். ஆண்டுகள் பல கழிந்தன. நம் கல்லூரியிலிருந்து அவ்வாறு ஒருவனும் போகவில்லை. ஏன் போகவில்லை என்னும் வினாவே இக்கட்டுரைக்குக் காரணம்.

திறமை இல்லாமையால் என்று சொல்வார் இவ்வாவிக்கரையை அறியாதவர். ஏறாவூரிலும் காத்தான்குடியிலும் வாழைச்சேனையிலும் கல்லடியிலும் கொக்கட்டிச்சோலைப் பக்கத்துச் சிற்றூர்களிலும் மாலைதோறும் பந்து உருளாத வெளி இல்லை. ஆர்வம் இல்லாமையால் என்பதும் பொருந்தாது. ஞாபகார்த்தக் கிண்ணத்துக்கான ஆட்டமொன்று நடந்தால், வெயிலென்றும் பாராமல் ஊரே திரண்டு நிற்பதைக் காண்கிறோம். இல்லாதது வேறொன்று. அதனைப் 'பருவம்' என்று யான் பெயரிட்டுச் சொல்வேன். வாரந்தோறும், மாதக்கணக்காக, ஒரே அணி ஒரே நோக்கத்தோடு மற்றெல்லா அணிகளையும் எதிர்த்து ஆடி முடிக்கின்ற போட்டிப் பருவம் நம்மிடம் இல்லை. பருவம் இல்லாத நிலத்தில் பயிர் எங்ஙனம் விளையும்?

முதலில் இந்நாட்டின் உயர்தரப் போட்டிப் பருவத்தை நோக்குவோம். இலங்கை உதைபந்தாட்டச் சங்கம் 1939இல் தோன்றியது. 1952இல் உலக உதைபந்தாட்டச் சம்மேளனமாகிய பீபாவில் இணைந்தது. ஆயினும் நாடளாவிய முதற்பிரிவு லீக் போட்டி 1985இலேயே தொடங்கியது. இவ்வாண்டை ஊன்றி நோக்க வேண்டும். போர் மூண்டது 1983இல், முடிந்தது 2009இல். எனவே, தேசிய லீக் பிறந்து வளர்ந்து உருப்பெற்ற முதல் இருபத்துநான்கு ஆண்டுகளும் நம் பகுதி அடைபட்டுக் கிடந்த ஆண்டுகளேயாம். வீதித் தடைகளும் ஊரடங்கும் நிறைந்த அக்காலத்தில், இங்கிருந்து ஓர் அணி வாரந்தோறும் கொழும்புக்குப் போய் ஆடிவருதல் நினைக்கவும் கூடாத காரியமாயிருந்தது. 2004 மார்கழி 26இல் வந்த ஆழிப்பேரலை கல்லடி, நாவலடிக் கரைகளிலே உயிர்களையும் வீடுகளையும் வாரிச் சென்றது. பந்தைப்பற்றி நினைக்க எவர்க்கு மனம் வரும்? ஆகவே நாம் அந்த லீக்கிலே தோற்றவர்கள் அல்லர்; அதனுள் நுழையும் வாய்ப்பையே பெறாதவர்கள். இவ்விரண்டுக்கும் வேறுபாடு பெரிது.

போர் முடிந்து பன்னிரண்டு ஆண்டுகளின் பின், 2021இல், தொழின்முறைப் போட்டி என்னும் பெயரோடு 'சுப்பர் லீக்' தொடங்கப்பட்டது. அதில் ஆடிய கழகங்கள் பத்து: புளூ ஸ்டார், ரெட் ஸ்டார்ஸ், கொழும்பு எப்.சி., ரினௌன், ரட்னம், நியூ யங்ஸ், அப்கன்றி லயன்ஸ் ஆகிய ஏழும், தரைப்படை, கடற்படை, வான்படை ஆகிய மூன்று படைகளின் அணிகளும். களுத்துறைக்கு ஓர் அணி, பேருவளைக்கு ஓர் அணி, வென்னப்புவைக்கு ஓர் அணி, மலைநாட்டில் நாவலப்பிட்டிக்கு ஓர் அணி இருந்தன. வட மாகாணத்துக்கு ஒன்றுமில்லை. கிழக்கு மாகாணத்துக்கும் ஒன்றுமில்லை. ஆட்டங்களுட் பெரும்பாலானவை கொழும்பிலேயே நடந்தன. பெருந்தொற்றினால் இடைநின்று இடைநின்று ஒருவாறு நிறைவெய்திய அப்பருவத்தில் புளூ ஸ்டார் வாகை சூடியது.

அவ்வெற்றியின் பயனாக ஆசியக் கழகப் போட்டிக்குச் சென்ற புளூ ஸ்டார், 2022 சித்திரை மாதத்தில் பூட்டானின் பாறோ அணியை 2-1 என வென்றது; அடுத்த வாரமே கல்கத்தாவிலே மோகன் பகானிடம் 5-0 எனத் தோற்றது. அவ்வணியைக் குறைகூற யான் இதனை எடுத்துக்காட்டவில்லை. நீண்ட பருவத்தில் ஆடிப் பழகிய அணிக்கும், தட்டுத்தடுமாறிய பருவத்தில் ஆடிவந்த அணிக்கும் உள்ள தூரம் அந்த ஐந்து கோல்களில் தெரிகின்றது. பின்னர் 2023 தை மாதம் 21ஆந் தேதி பீபா நம் நாட்டைத் தடைசெய்தது. ஆவணி மாத இறுதியிலேயே தடை நீங்கியது. உலகத் தரவரிசையில் இருநூறுக்கும் கீழே நாம் கிடந்த காலம் அது. 1995இல் கொழும்பிலே தெற்காசியக் கிண்ண இறுதியாட்டத்தில் இந்தியாவை 1-0 என வென்ற நாடும் இதுவேயென்பது இளைய மாணவர்க்கு வியப்பாயிருக்கும்.

"சின்னஞ்சிறிய தீவுதானே, இதனால் என்ன இயலும்?" என்று சிலர் ஆறுதல் கூறிக்கொள்வர். அவ்வாறுதல் பொய்யானது. ஐஸ்லாந்து என்னும் தீவுநாடு 2018 உலகக்கிண்ணப் போட்டியில் ஆடியது. அக்காலத்தில் அதன் குடிமக்கள் ஏறத்தாழ மூன்றரை இலட்சம். நம் மட்டக்களப்பு மாவட்டத்தில் மாத்திரம் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்கின்றோம். அயலிலுள்ள மாலைதீவின் மக்கள்தொகை நம் மாவட்டத்தினதோடு ஒப்பிடத்தக்கது. அந்நாடு 2008இலும் 2018இலும் தெற்காசிய வாகையைச் சூடியது. 2025இல், ஐந்து இலட்சம் அளவான மக்களையுடைய கேப் வேர்ட் தீவுகளும், இரண்டு இலட்சத்துக்கும் குறைந்த மக்களையுடைய குராசோ தீவும் 2026 உலகக்கிண்ணத்துக்குத் தகுதி பெற்றன. பிந்திய இரண்டும் பிறநாடுகளிற் பிறந்து வளர்ந்த தம்மவரைப் பெரிதும் நம்பின என்பது உண்மையே. ஆனால் ஐஸ்லாந்தின் கதை வேறு. ஆண்டிற் பல மாதங்கள் பனியாலும் இருளாலும் மூடப்படும் அந்நாட்டார், கூரை வேய்ந்த ஆடுகளங்களை ஊர்கள்தோறும் கட்டினர். முறையான சான்றிதழ் பெற்ற பயிற்றுநர்களைச் சிறுவர்களிடம் அனுப்பினர். கோடையிலே தமக்குக் கிடைக்கும் சில மாதங்களைத் தளராத லீக் பருவமாக்கினர். இயற்கை தந்த இடையூற்றை அறிந்து, அதற்கேற்பப் பருவத்தை வகுத்ததே அவர்தம் அறிவு.

இயற்கை நமக்குத் தந்த வசதியோ அதனினும் சிறந்தது. அதனை நாம் உணரவில்லை. இத்தீவுக்கு இரண்டு பருவக்காற்றுகள். வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேல் பருவக்காற்று கொழும்பையும் தென்மேற்குக் கரையையும் நனைக்கின்றது. அங்கே மைதானங்கள் சேறாகின்றன. அதே மாதங்களில் நம் வாவிக்கரை காய்ந்து கிடக்கின்றது. மாலைவேளையில் இங்கு ஆடுதற்கு எத்தடையுமில்லை. மார்கழி முதல் தை வரை வாடைக்காற்று நம் வயல்களையும் மைதானங்களையும் வெள்ளக்காடாக்கும்போது, கொழும்பிலே மழை குறைகின்றது. ஆகவே இத்தீவின் உயர்தரப் போட்டிப் பருவம் காற்றோடு கூடவே இடம் மாறுமாயின் ஆண்டின் பெரும்பகுதியிலும் நல்ல தரையில் ஆடலாம். மழை கொழும்பில் பெய்யும்போது ஆட்டங்கள் மட்டக்களப்புக்கும் திருகோணமலைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் வரட்டும். இங்கு பெய்யும்போது அங்கு போகட்டும். இதற்குப் பெரும் அறிவு வேண்டியதில்லை. விதைப்புக்கும் அறுப்புக்கும் காலம் பார்க்கும் நம் விவசாயிக்கு உள்ள அறிவு போதும்.

எனினும், கொழும்பிலுள்ளோரை மாத்திரம் குறைகூறிக்கொண்டிருத்தல் நேர்மையாகாது. நம் குறையையும் நாம் பார்த்தல் வேண்டும். நம்மிடையே நடைபெறும் ஆட்டங்கள் பெரும்பாலும் தோற்றோரை நீக்கிச் செல்லும் கிண்ணப் போட்டிகள். பதினாறு அணிகள் அவ்வகைப் போட்டியொன்றில் சேர்ந்தால், மொத்தம் நடப்பன பதினைந்து ஆட்டங்களே. அவற்றுள் எட்டு அணிகள் ஒரேயோர் ஆட்டத்தோடு வீடு திரும்பும். அந்த எட்டு அணிகளிலும் உள்ள இளைஞர்கள் கற்றுக்கொண்டது யாது? ஒன்றுமில்லை. மாறாக, எட்டே அணிகளைக் கொண்ட லீக் ஒன்றை வைத்து, ஒவ்வோர் அணியும் மற்றொவ்வோர் அணியோடும் தன் ஊரில் ஒருமுறையும் எதிரியின் ஊரில் ஒருமுறையும் ஆடுமாறு செய்தால், நடப்பன ஐம்பத்தாறு ஆட்டங்கள். ஒவ்வோர் இளைஞனுக்கும் பதினான்கு ஆட்டங்கள் கிடைக்கும். முதல் வாரம் தோற்றவன் இரண்டாம் வாரம் திருந்தலாம். ஏழாம் வாரம் காயம்பட்டவன் பத்தாம் வாரம் திரும்பலாம். பயிற்றுநர் குறையை அறிந்து நீக்கலாம். பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவன் பருவத் தொடக்கத்தில் வெளியே அமர்ந்திருந்து, பருவ முடிவில் உள்ளே இறங்கலாம். விளையாட்டு வீரன் உருவாவது இவ்வாறேயன்றி, ஒருநாட் கிண்ணத்தால் அன்று.

வடக்கிலும் கிழக்கிலும் இதனை உணர்ந்தோர் இல்லாமலில்லை. 2018இல் வடக்கு கிழக்கு பிரீமியர் லீக் என்னும் பெயரால் ஒரு போட்டிப் பருவம் நடந்தது. மட்டக்களப்பிலிருந்தும் அணிகள் சென்று ஆடின. மாலை ஆட்டங்களைக் காணத் திரண்ட கூட்டம், நம் மக்களின் தாகத்தை நன்கு காட்டியது. ஆயினும் ஆண்டுதோறும் தவறாது வருவதே பருவம். ஒருமுறை வந்து நின்றுபோனது மழையே தவிரப் பருவமாகாது. அதனைத் தொடங்கியோர்க்கு நன்றி சொல்லும் அதே வேளையில், தொடர்ந்து நடத்தும் கடமையை ஊர்கள் தாமே ஏற்றிருக்க வேண்டும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஈண்டு என் மாணவன் ஒருவனைப்பற்றிச் சொல்ல விரும்புகிறேன். அவன் பெயர் வேண்டாம். யான் இக்கல்லூரியில் ஆசிரியனாயிருந்த இறுதி ஆண்டுகளில் படுவான்கரையிலிருந்து வந்து படித்தவன். இடக்காலால் அவன் பந்தைத் திருப்பும் அழகைக் காண்பதற்காகவே ஆசிரியர் சிலர் மாலையில் வீட்டுக்குப் போகாது நின்றதுண்டு. அவனைத் தெரிவுக்கு வருமாறு கொழும்பிலிருந்து அழைத்தனர். தந்தையார் நெல் விற்ற பணத்தில் சப்பாத்து வாங்கிக் கொடுத்தார். இரவுப் புகையிரதத்தில் நித்திரையின்றிச் சென்று, காலையில் இறங்கி, முகம் கழுவி, நேரே மைதானத்துக்குப் போனான். அங்கே அவனைப் போன்றோர் நூற்றுவர் நின்றனராம். கால்மணி நேரம் ஆடவிட்டனர். எந்தக் கழகத்துக்காக லீக் ஆடினாய் என்று கேட்டனர். லீக் ஆடியதில்லை என்றான். அன்றிரவே அவன் திரும்பிவிட்டான்.

கேட்டவர்மீது யான் பிழை சொல்லமாட்டேன். கால்மணி நேரத்தில் ஒருவனை அறிய இயலாது. ஆகவே அவன் ஆடிய பருவங்களைக் கேட்பது இயல்பே. அவனிடம் காட்டுவதற்குப் பருவம் இல்லை. கிண்ணங்கள் மட்டும் இருந்தன. பின்னர் அவன் கத்தாருக்குத் தொழில் தேடிச் சென்றான். 2022இல் அங்கு உலகக்கிண்ணம் நடந்தபோது, மைதானமொன்றின் வாகனத் தரிப்பிடத்தில் அவனுக்குக் காவற்கடமை கிடைத்தது. "சேர், உள்ளே கோல் அடித்தால் சத்தம் கேட்கும், எவர் அடித்தாரென்று தெரியாது" என்று தொலைபேசியில் சொன்னான். அவன் முறையிட்டுச் சொல்லவில்லை, வேடிக்கையாகவே சொன்னான். எனக்கு அது வேடிக்கையாயிருக்கவில்லை.

இதனோடு இன்னொன்றையும் சேர்த்து நோக்குங்கள். 2024 புரட்டாதியில் நம் தேசிய அணி கம்போடியாவை அதன் மண்ணிலேயே தண்ட உதைகளில் வென்று ஆசியக் கிண்ணத் தகுதிகாண் சுற்றின் அடுத்த கட்டத்துக்குச் சென்றது. அவ்வெற்றிக் காலத்து அணியில் ஆஸ்திரேலியாவிலும் ஐரோப்பிய நாடுகளிலும் வளர்ந்தோர் பலர். பரத் சுரேஷ், அனுஜன் இராஜேந்திரம் எனத் தமிழ்ப் பெயர் தாங்கியோரும் தேசிய உடையை அணிந்தனர். அதனை எண்ணி மகிழ்கின்றோம். ஆயினும் ஓர் உண்மை நெஞ்சை உறுத்துகின்றது. சுவிற்சர்லாந்தில் வளர்ந்த தமிழ்ச் சிறுவனுக்குத் தேசிய அணிக்குச் செல்லும் பாதை உண்டு. ஏனெனில் அங்கே எட்டு வயதிலிருந்தே அவனுக்குப் பருவங்கள் உண்டு. இங்கே மண்முனையில் வளரும் சிறுவனுக்கு அப்பாதை இல்லை. மன்னாரில் பிறந்து, தேசிய அணியின் தடுப்பு வரிசையில் நின்று, 2022 மாசியில் மாலைதீவிலே இளவயதில் மறைந்த டக்சன் பியூஸ்லஸ், நம் கரையோரக் கிராமத்து மண்ணிலிருந்தும் ஒருவன் எழலாம் என்பதற்குச் சான்றாக நின்றவர். அத்தகையோர் ஒருவர் இருவராக அன்றி, ஆண்டுதோறும் எழுதல் வேண்டாமோ?

இனி, நம்மவரே கூறும் தடைகளை ஆராய்வோம். "பந்தடிப்பவன் படிக்கமாட்டான்" என்பது பெற்றோர் பலர் கொண்ட எண்ணம். யான் முப்பதாண்டு கற்பித்தவன் என்னும் உரிமையோடு சொல்கிறேன்: படிக்காதவன் பந்தடித்ததாற் படிக்காதவன் அல்லன். வாரத்தில் இரண்டு மாலைப் பயிற்சியும் ஒரு சனிக்கிழமை ஆட்டமும் எந்த மாணவனின் பாடத்தையும் கெடுத்ததில்லை. தனியார் வகுப்புகளுக்குக் காலையிலிருந்து இருள்மட்டும் ஓடுவதே அவனைக் களைக்கச் செய்கின்றது. நேரத்துக்கு வருதல், தோல்வியைத் தாங்குதல், நடுவர் சொல்லுக்கு அடங்குதல், தன்னிலும் திறமை குறைந்தவனோடு சேர்ந்து உழைத்தல் ஆகிய நான்கையும் கற்பிக்கும் பாடநூல் வேறு எங்கும் உண்டோ?

"இது நம் மரபன்று, வெள்ளையர் விட்டுச்சென்ற விளையாட்டு" என்பாரும் சிலர் உளர். பந்து வெள்ளையர் கொண்டுவந்ததாயிருக்கலாம். அணி பிரிந்து ஆடுதல் நமக்குப் புதிதன்று. கண்ணகையம்மன் திருக்குளிர்த்தியோடு தொடர்புடைய கொம்புமுறி விளையாட்டை நினையுங்கள். ஊர் முழுவதும் வடசேரி, தென்சேரி எனப் பிரிந்து நிற்கும், கொம்புகளை மாட்டிக் கயிறு பூட்டி இழுக்கும், ஒன்று முறியும். வென்ற சேரியார் தோற்ற சேரியாரை எள்ளிப் பாடுவர். விழா முடிந்ததும் இரு சேரியாரும் ஒன்றாகிவிடுவர். போட்டி வேறு, பகை வேறு என்று நம் முன்னோர் தெளிந்திருந்தனர். அத்தெளிவு இன்று நமக்கு மிகவும் வேண்டியது.

ஏனெனில், நம் வாவிக்கரையில் தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த ஊர்களில் வாழ்கின்றோம். 1990ஆம் ஆண்டின் கொடுமைகளை இரு சமூகத்தாரும் தத்தம் வீடுகளில் இன்னும் நினைவுகூர்கின்றனர். அதன் பின்னர் ஒருவர் ஊருக்குள் மற்றவர் போகத் தயங்கிய காலமும் இருந்தது. கூட்டங்களும் தீர்மானங்களும் இதற்கு மருந்தாகும் என்று யான் நம்பவில்லை. ஊருக்கு ஊர் சென்று ஆடும் லீக்கிலே ஒவ்வோர் அணியும் ஒருமுறை விருந்தினராகவும் ஒருமுறை விருந்தோம்புவோராகவும் இருந்தே ஆகவேண்டும். ஏறாவூர் அணி நம் மைதானத்துக்கு வந்தால் நாம் தண்ணீர் கொடுக்க வேண்டும். நாம் காத்தான்குடிக்குச் சென்றால் அவர்கள் தேநீர் தருவர். இவ்வாறு ஆண்டுக்கு ஆண்டு நடக்குமாயின், பதினைந்து வயதில் எதிரே நின்று ஆடியவனை முப்பது வயதில் ஒருவன் அந்நியனாகக் கருதமாட்டான். பொதுவான ஒரே மைதானத்தில் நடக்கும் ஒருநாட் கிண்ணம் இதனைச் செய்யாது. பருவமே செய்யும்.

இன்னொரு சான்றும் நம் நகரின் நடுவிலேயே உண்டு. வெபர் மைதானம் என்று நாம் நாள்தோறும் வாயாரச் சொல்கின்றோமே, அப்பெயருக்குரியவர் அமெரிக்க நாட்டிலிருந்து வந்த இயேசுசபைத் துறவி. ஏறத்தாழ ஐம்பதாண்டு காலம் இம்மண்ணில் வாழ்ந்து, புனித மிக்கேல் கல்லூரி மாணவரை விளையாட்டுத் துறையில் உருவாக்கி, 1998இல் மறைந்தார். வேறு சமயத்தவர்; வேறு கல்லூரிக்காக உழைத்தவர்; எங்களைப் பல தடவை தோற்கச் செய்த மாணவர்களின் குரு. அவர் பெயரை இன்று நகரே சொல்கின்றது. ஆண்டுதோறும் தவறாமல் ஒரு பணியைச் செய்தவரின் பெயர் அவ்வாறே நிலைக்கும்.

நிற்க. இனி நம் வாசலுக்கு வருவோம். இப்பவளவிழாவின் நினைவாக நிரந்தரமாய் ஒன்று செய்யவேண்டுமென்று பழைய மாணவர் சங்கம் நிதி திரட்டிவருவதை யாவரும் அறிவர். கல்லூரி முகப்பிலே அலங்கார வளைவு கட்டவேண்டும் என்பது அன்பர் பலரின் கருத்து. அவர்கள் கல்லூரிமீது கொண்ட பற்றை யான் மதிக்கிறேன். அவர்களுட் சிலர் எனக்கு ஆசிரியர்கள். ஆயினும் பணிவோடு மாறுபடுகிறேன். வளைவின் கீழே மாணவர் நடந்து செல்வர், அவ்வளவே. அதே பணத்தில் மைதானத்தை மட்டப்படுத்தி, மாரி வெள்ளம் வடிய வாய்க்கால் வெட்டி, மாடு புகாதவாறு வேலி அடைத்து, ஒரு தண்ணீர்க் குழாயும் உடைமாற்ற ஓர் அறையும் அமைக்கலாம். எஞ்சிய பணத்தை வங்கியிலிட்டு, அதன் வட்டியோடு வெளிநாட்டு அன்பர்களின் ஆண்டு நன்கொடையையும் சேர்த்து, சான்றிதழ் பெற்ற பயிற்றுநர் ஒருவரை நிலையாக வைத்திருக்கலாம்.

அதன்மேல், வாவியின் இரு கரைகளிலுமிருந்து எட்டுப் பாடசாலைகளை அழைத்து, பதினேழு வயதுக்குட்பட்டோர்க்கு ஒரு லீக் தொடங்குவோம். பெரும்போக அறுவடை முடிந்து, சித்திரைப் புத்தாண்டும் கழிந்தபின் ஆரம்பித்தால், பதினான்கு வாரங்களில் ஆடி மாத இறுதிக்குள் முடித்துவிடலாம். வாரம் நான்கு ஆட்டங்கள். 2014இல் மண்முனைப் பாலம் திறந்தபின், துறையிலே தோணிக்குக் காத்திருந்த துன்பம் நீங்கிவிட்டது; படுவான்கரை அணிகள் வருவதற்கும் நம் அணி போவதற்கும் தடையில்லை. பெண்பிள்ளைகளுக்கும் அவ்வாறே ஒரு பிரிவு வேண்டும். ஆட விரும்பும் மாணவியர் ஊர்தோறும் இருக்கின்றனர். ஒவ்வோர் ஆட்டத்தின் முடிவையும், ஆடியோர் பெயரையும், கோல் அடித்தோர் பெயரையும் ஒரு கொப்பியில் எழுதி வைப்போம். அடுத்த முறை கொழும்பிலே ஒருவர் நம் மாணவனிடம், "எங்கே லீக் ஆடினாய்?" என்று கேட்டால், அந்தக் கொப்பியை அவன் காட்டட்டும்.

இவ்வாறு ஐந்தாண்டு நடத்திக் காட்டிய பின்னரே, "தேசிய லீக்கில் மட்டக்களப்புக்கும் ஓர் இடம் தருக, உங்கள் மழைக்காலத்து ஆட்டங்களை எங்கள் கரைக்கு அனுப்புக" என்று கேட்கும் தகுதி நமக்கு உண்டாகும். அப்போது அது இரப்பாக இராது, உரிமையாக இருக்கும். நாட்டின் ஒரு பாதியை வெளியே நிறுத்திவிட்டு நடக்கும் லீக் தேசிய லீக் ஆகாது என்பதை அன்று நாம் வாயாற் சொல்ல வேண்டியதில்லை. நம் இளைஞரின் கால்கள் சொல்லும்.

பவளவிழாப் பொதுக்கூட்டத்தில் இவ்வினா வாக்குக்கு வரும்போது, அன்பர்காள், எழுபதுகளின் அந்த மணல்வெளியை ஒருகணம் நினையுங்கள். கத்தாரில் வாகனத் தரிப்பிடத்தில் நின்று பிறர் அடித்த கோலின் ஆரவாரத்தைக் கேட்டவனையும் நினையுங்கள். அவனுக்கு நாம் செய்யத் தவறியதை அவன் தம்பிமார்க்கேனும் செய்வோம். நம் கல்லூரி வாழ்க! வாவியின் இரு கரைகளும் வாழ்க!

— பழைய மாணவன்